வைலேயில் வெற்றிடம் ஒழிந்த வரலாறு

பூச்சியத்தைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று இந்தியாக்காரர் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். பூச்சியத்துக்கும் அடியில், ஒன்றுமே எழுதப்படாமல் கிடக்கும் வெற்றிடத்தைத் தேடிப் பிடித்து, விசாரணை வைத்து, கைதூக்கி வாக்கெடுத்து ஒழித்துக்கட்டிய ஒரே மனிதக் கூட்டம் டென்மார்க்கின் வைலே நகரத் தமிழர் தரவு ஒழுங்கமைப்பு மன்றம்தான். அந்த மன்றத்தின் 'தொழில்நுட்பப் பொறுப்பாளர்' மரியநாயகம் என்ற முறையில் இந்த வரலாற்றை எழுதும் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது. தன்னடக்கம் தடுக்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஆண்டு 2009. வைகாசியில் இலங்கையில் போர் முடிந்துவிட்டது. கொப்பன்ஹேகனில் மழைக்குள் பிடித்துக்கொண்டு நின்ற பதாகைகளைப் புறநகரான ஹ்விடோவ்ரேயில் ஒருவர் தன் கராஜுக்குள் சுருட்டி வைத்தார். தொலைபேசி அடித்தால் சமையலறையிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தவர்கள் மெல்ல நடந்து வரத் தொடங்கினார்கள். என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் தலைவர் பாலேந்திராவுக்குத் தெரிந்தது. பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். வீட்டில்கூட 'தலைவர்' என்று அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார். "அழுதுகொண்டிருக்க நேரமில்லை. ஒரு கூட்டம் வைப்பம்" என்றார். டென்மார்க்கில் இது பெரிய விசயமில்லை. இந்த நாட்டில் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தால் அது சங்கம். யாப்பு எழுதி, நிர்வாகம் தெரிவுசெய்து, 'றெஃபெராட்' என்ற கூட்டக் குறிப்பையும் எழுதிவிட்டுத்தான் கோப்பி ஊற்றுவார்கள். துக்கத்திலும் நாங்கள் இந்த நாட்டு ஒழுங்கிலிருந்து வழுவவில்லை.

காணாமற்போனவர்களின் விவரங்களைத் தாருங்கள் என்று சர்வதேச அலுவலகம் ஒன்று அறிவித்திருந்தது. கையால் எழுதிய கடிதம் ஏற்கப்படாது. தனியாட்கள் அனுப்பினால் ஏற்கப்படாது. பதிவுசெய்த சங்கங்கள், எக்ஸ்.எம்.எல். என்ற வகைக் கோப்பாக, ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதிக்கு முன் அனுப்ப வேண்டும். தாய்மாருக்கு இதைவிடச் சுலபமான வழியை யாரால் யோசித்திருக்க முடியும்?

எக்ஸ்.எம்.எல். என்றால் பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஒரு லேபிள், பின்னால் ஒரு லேபிள். 'பெயர்' என்று திறந்து, பெயரை எழுதி, 'பெயர்' என்று மூட வேண்டும். அவ்வளவுதான். நானோ வைலே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவன்.

"லேபிள் வேலை தெரிஞ்ச ஆள் நீர்தானே?" என்றார் தலைவர்.

"ஓம், ஆனா அது அட்டைப் பெட்டிக்கு ஒட்டிறது."

"பெட்டிக்கு ஒட்டத் தெரிஞ்சவருக்கு ஆளுக்கு ஒட்டத் தெரியாதோ?"

அன்றே நியமனம் கிடைத்தது. மாலை வகுப்பில் ஏழு வாரம் கணினி படித்த சான்றிதழும் என்னிடம் இருந்தபடியால் எதிர்ப்பு எழவில்லை.

விவரம் சேர்க்க ஒரு படிவம் வேண்டும். மன்றத்தின் கணினியில் ஏற்கெனவே ஒரே ஒரு படிவம்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் யாராவது இறந்துபோனால் மரண அறிவித்தல் அடிப்பதற்காகச் செய்வித்தது. விவரங்களை நிரப்பிச் சேமித்தால் போதும். மூலையில் இருக்கும் பிரின்ரர் தானாகவே கறுப்புக் கரையும் இரண்டு குத்துவிளக்கும் போட்டு அறிவித்தலைத் தள்ளிவிடும்.

"புதுசா ஏன் மினக்கெடுவான்? அதுவும் ஆக்களைப் பற்றினது, இதுவும் ஆக்களைப் பற்றினது" என்றார் தலைவர். தலைப்பில் 'மரண அறிவித்தல்' என்பதை அழித்துக் 'காணாமற்போனோர் விவரம்' என்று போட்டேன். இவ்வளவு சிக்கனமாக ஒரு சமூகம் மரணத்திலிருந்து காணாமற்போதலுக்கு மாறியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பொதுக்கூட்டம் கரகோசத்தோடு படிவத்தை அங்கீகரித்தது.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை நடக்கும் கட்டடத்தின் கணினி அறையில் பதிவு தொடங்கியது. முதலாவதாக வந்து இருந்தவர் விமலராணி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். அவருடைய ஒரே தம்பி அந்தோனிதாசன். போரின் கடைசி மாதங்களில் கஞ்சி வரிசையில் கையில் ஒரு வாளியோடு நின்றதைக் கண்டதாக யாரோ சொன்னதுதான் அவரைப் பற்றி வந்த கடைசிச் செய்தி. பெயர், வயது, இடது புருவத்துக்கு மேல் தழும்பு என்று எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டு வந்த விமலராணி ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"நாயகம் அண்ணை, இதென்ன பெட்டி?"

நான் எட்டிப் பார்த்தேன். 'இறந்த திகதி' என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட பெட்டியை நிரப்பாமல் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது.

"அதைச் சும்மா விடுங்கோ."

"விட்டா போகுதில்லை அண்ணை."

"அப்ப ஏதாவது ஒரு திகதி..."

"ஏதாவதோ?" என்று அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "திகதி போட்டா நான் சேர்ச்சில செத்த ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்குடுக்க வேணும். முப்பத்தோராம் நாள் பூசை, ஆண்டுப் பூசை எல்லாம் வரும். பூசையில பேரை வாசிச்சாப் பிறகு முடிஞ்சுது. ஒரு மாசமா நான் சுவாமியிட்டத் தம்பியின்ர பேரில்லாம 'விசேட கருத்துக்காக' எண்டு மட்டும் எழுதிக் குடுக்கிறன். உங்கட கொம்பியூட்டருக்காக என்ர தம்பியை நான் சாகக் குடுக்கேலாது."

இங்கேதான் என் மேதைமை வெளிப்பட்டது. குனிந்து, இடைவெளிப் பொத்தானை ஒரு தரம் தட்டினேன். பெட்டிக்குள் ஒரு வெற்றிடம் விழுந்தது. அங்கே ஏதோ இருக்கிறது என்று படிவம் நம்பியது. அடுத்த பக்கம் திறந்தது.

"உள்ளுக்க என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை. ஒரு இடைவெளி."

விமலராணி திரையை நன்றாக உற்றுப் பார்த்தார். "அது காணும்" என்றார்.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வித்தையை நானே சொல்லிக்கொடுத்தேன். 'ஒருக்கா இடைவெளி தட்டுங்கோ, விடும்' என்று கதவில் எழுதியும் ஒட்டினேன். ஏழு சனிக்கிழமைகளில் முந்நூற்றுப் பதினேழு பேர் கோப்புக்குள் வந்தார்கள். அவர்களில் நாலு பேருக்குத்தான் திகதி இருந்தது. பிரின்ரரும் அந்த நாலு பேருக்கு மட்டும்தான் தாள் தள்ளியது. அந்த நாலு பேரையும் கையால் மண்போட்டு மூடியவர்கள் உயிரோடு இருந்தார்கள். மற்ற முந்நூற்றுப் பதின்மூன்று பேரும் ஆளுக்கொரு இடைவெளியில் உயிரோடு இருந்தார்கள். என் சொந்த அண்ணன் இன்னாசிமுத்துவும் அதில் ஒருவர். அவருக்கு இடைவெளி தட்டியதும் நான்தான்.

இந்த நேரத்தில் ஓகூஸ் நகரச் சங்கம் எங்களுக்கு ஒரு பெரிய உதவி செய்தது. நானூறு பெயரோடு அவர்கள் முந்திக்கொண்டு அனுப்பிய கோப்பு ஆயிரத்து நூற்றிருபத்தெட்டுப் பிழைகளோடு திரும்பி வந்தது. அநேகமாக எல்லாம் வெற்றிடப் பிழைகள். விலாசத்துக்கு நடுவில் ஒருவர் வரியை உடைத்திருக்கிறார். பெயருக்கு முன்னால் ஒருவர் மூன்று இடைவெளி விட்டிருக்கிறார். அழகாக இருக்கட்டும் என்று ஒருவர் எல்லாவற்றையும் உள்ளே தள்ளித் தள்ளி எழுதியிருக்கிறார். எது அழகுக்கு விட்ட இடம், எது அர்த்தத்தோடு விட்ட இடம் என்று தெரியாமல் கோப்பை வாசிக்கும் இயந்திரம் திணறிப்போய்விட்டது.

தலைவர் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். போர் முடிந்த பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எங்கட கோப்பில ஒரு பிழையும் இருக்கக்கூடாது. பூச்சியம்! ஓகூஸ்காரர் பார்க்க வேணும்" என்றார். உடனே 'வெற்றிட உபகுழு' அமைக்கப்பட்டது. தலைவரும் நானும் உட்பட ஆறு பேர்.

உபகுழுவின் உழைப்பை வருங்காலம் நன்றியோடு நினைக்க வேண்டும். கோப்பு முழுவதையும் நூற்று நாற்பது தாளில் அச்செடுத்தோம். ஆளுக்கொரு மஞ்சள் பேனை தரப்பட்டது. வெற்றிடம் கண்ட இடமெல்லாம் மஞ்சள் பூச வேண்டும். இரண்டாம் கூட்டத்தில், மஞ்சள் பூசிய வெற்றிடம் இனியும் வெற்றிடம்தானா என்று ஓர் உறுப்பினர் கேட்க, அதற்கே ஒன்றேகால் மணித்தியாலம் போனது. மூன்றாம் கூட்டத்தில் தலைவர் அடிமட்டம் கொண்டுவந்து இடைவெளிகளை மில்லிமீற்றரில் அளந்தார். நாலாம் கூட்டத்தில், ஒரு வரி இன்னொரு வரிக்கு உள்ளே தள்ளி நிற்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று முடிவாகி, எல்லா வரிகளும் இடது ஓரத்தில் சமமாக நிறுத்தப்பட்டன. ஐந்தாம் கூட்டத்தில் கோப்பியோடு தின்ன வைத்த றோல்ஸ் முடிந்துவிட்டதால் ஒத்திவைத்தோம்.

ஆறாம் கூட்டத்துக்குச் 'சிறப்பு ஆலோசகர்' ஒருவர் அழைக்கப்பட்டார். பெயர் சாரங்கா. இரண்டு வயதில் டென்மார்க்குக்கு வந்து, ஓகூஸில் படித்து, அங்கேயே ஒரு நிறுவனத்தில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவர். எங்கள் மஞ்சள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார்.

"அங்கிள், இது பத்து நிமிச வேலை. வெற்றிடத்தை அப்பிடியே வைச்சிரு எண்டு கோப்பிலயே ஒரு குறிப்புப் போடலாம். அதுக்கெண்டே ஒரு சொல் இருக்கு. ரெண்டாவது, இறந்த திகதியில இருக்கிற ஸ்டாரை எடுங்கோ. காணாமப் போன ஆளுக்கு அது எப்பிடிக் கட்டாயமாகும்?"

"ஸ்டாரை எடுக்கேலாது" என்றார் தலைவர். "படிவம் பொதுக்கூட்டத்தில பாஸ் பண்ணினது. மாத்திறதெண்டா இன்னொரு பொதுக்கூட்டம் கூட்ட வேணும். யாப்பின்படி இருபத்தொரு நாள் முன்னறிவித்தல்."

"கடைசித் திகதிக்கு இன்னும் பதினாறு நாள்தானே இருக்கு!"

"அதைத்தான் பிள்ளை நானும் சொல்லுறன். ஏலாது."

"அப்ப வெற்றிடத்தையாவது பேணுங்கோவன்."

"பேணுறதோ?" தலைவர் எழும்பி நின்றார். "நாங்கள் வெற்றிடத்தை ஒழிக்கக் கூடியிருக்கிறம். நீர் வந்து பேணச் சொல்லுறீர். ஓகூஸில இருந்து வந்தனீர் எண்டு காட்டிப்போட்டீர்."

சாரங்கா டெனிஷில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சைக்கிள் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். 'ஆலோசகர் மிகுந்த திருப்தியோடு விடைபெற்றார்' என்று றெஃபெராட்டில் எழுதினேன்.

பிறகு இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. தீர்மானம் ஒன்று: 'வெற்றிடம் பொருளற்றது. எங்கு காணினும் அகற்றப்படும்.' தீர்மானம் இரண்டு: 'அகற்றிய பின் கட்டாயப் பெட்டி வெறுமையாக உள்ள பதிவு, பதிவே அல்ல. பதிவே அல்லாதது பிழையாகாது.' இரண்டாவதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை நேர்த்தியான வசனம் எங்கள் மன்றத்தில் அதற்கு முன் எழுதப்படவில்லை. கோப்பைச் சரிபார்க்கும் கணினி நிரலில் 'வெற்றிடத்தை நீக்கிவிடு' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அதை 'ஆம்' என்று மாற்றினேன். தொழில்நுட்பம் என்று நான் செய்தது அவ்வளவுதான்.

ஓகஸ்ட் இருபத்தொன்பது, சனிக்கிழமை பின்னேரம், எட்டாம் கூட்டம். தலைவர் முன்னிலையில் கோப்பை ஓட்டினேன். திரையில் இரண்டு வரி வந்தது. 'பிழைகள்: 0. பதிவுகள்: 4.'

முதல் வரியைப் பார்த்ததும் ஹால் அதிர்ந்தது. கைதட்டினார்கள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்தார். இரண்டாவது வரியை வாசிக்க ஒருவருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

விமலராணிக்குக் கிடைத்தது. வேலை முடிந்து நேரே வந்தவர், சீருடையோடு என் தோளுக்குப் பின்னால் நின்றார். "அனுப்ப முதல் தம்பியின்ர பேரை ஒருக்காப் பார்த்திட்டுப் போறன், அண்ணை."

தேடினேன். அந்தோனிதாசன் இல்லை. இன்னொரு தரம் தேடினேன்.

"எங்க போயிட்டான்?" என்று விமலராணி கேட்டார். மூன்று மாதமாக எல்லோரிடமும் கேட்ட அதே கேள்விதான்.

தலைவர் பதற்றமில்லாமல் விளக்கினார். "பிள்ளை, உம்மட தம்பியில ஒரு பிழையும் இல்லை. அதைச் சந்தோசமாச் சொல்லுறன். திகதிப் பெட்டியில வெற்றிடம் இருந்தது. வெற்றிடம் தீர்மானம் ஒண்டின்படி போயிட்டுது. அதோட தீர்மானம் ரெண்டின்படி அவரும் போயிட்டார்."

"எங்க?"

"எங்கயும் போகேல்லை. அவர் பதிவே அல்ல. ஆனா வழி இருக்கு. ஒரு திகதியைப் போட்டா உடன வந்திடுவார்."

"செத்த திகதியைப் போட்டாத் தம்பி இருப்பான். போடாட்டி இல்லை. அப்பிடியோ?"

"சரியா விளங்கியிட்டீர்!" என்றார் தலைவர் பெருமையோடு.

"இடைவெளி தட்டச் சொன்னது நீங்கள்தானே, அண்ணை?" என்று விமலராணி என் பக்கம் திரும்பினார்.

பண்டகசாலையில் பிழையான லேபிள் ஒட்டினால் ஸ்கானர் சத்தம் போடும். இங்கே சத்தம் போடாதபடி நானே செய்து வைத்திருந்தேன். மேசையில் கிடந்த மஞ்சள் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

தலைவர் என்னைக் காப்பாற்றினார். "மரியநாயகம், உம்மட தமையனும் இதில இருக்கிறவர்தானே? நீர் பொறுப்பாளர். முன்மாதிரியா ஒரு திகதியைப் போட்டுக் காட்டும். சனம் பார்த்துச் செய்யும்."

மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். படிவத்தில் அண்ணனின் பதிவைத் திறந்தேன். திகதிப் பெட்டியைத் தொட்டதும் ஒரு சின்னக் கலண்டர் விரிந்தது. எந்தத் திகதியும் தெரியாதவர்களுக்காக அது அன்றைய திகதியைத் தானாகவே போட்டு வைத்திருந்தது. 'சரி' என்பதை அழுத்தினேன்.

மூலையில் பிரின்ரர் உறுமியது. கறுப்புக் கரை, இரண்டு குத்துவிளக்கு, நடுவில் என் அண்ணன் பெயரோடு ஒரு தாள் வந்து விழுந்தது. திரையில் 'பிழைகள்: 0. பதிவுகள்: 5' என்று மாறியது. மறுபடியும் கைதட்டினார்கள்.

விமலராணி போய் அந்தத் தாளை எடுத்து வாசித்தார். "எந்தத் திகதி போட்டனீங்கள்?"

"இண்டையத் திகதி. அது தானா வந்தது."

"அப்ப இண்டைக்குக் காலமை வரைக்கும் இருந்தவர்" என்றார்.

தாளை என் கையில் தந்துவிட்டு, தன் தம்பிக்குத் திகதி போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனார். அவர் போன பிறகு, கோப்பை இப்படியே அனுப்புவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஆறு கைகள் உயர்ந்தன. ஆறாவது என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மன்றத்தின் மடிக்கணினி என் வீட்டு மேசையில்தான் இருந்தது. ஒரு 'ஆம்' ஐ 'இல்லை' ஆக்கினால் இடைவெளிகளோடு மற்ற முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பிழைகளும் வரும். ஓகூஸ்காரர் சிரிப்பார்கள். தீர்மானத்தை மீறிய தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்று என் பெயர் றெஃபெராட்டில் ஏறும். திங்கட்கிழமை காலை ஒழுக்கமாக அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானமே பதில் வந்தது: 'கோப்பு ஏற்கப்பட்டது. பிழைகள் இல்லை.' தலைவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். ஓகூஸ்காரர் தங்கள் பிழைகளைத் திருத்தவே இல்லையாம். அந்தக் கோப்பை அப்படியே மறுபடி அனுப்பி, அலுவலகத்தோடு தொலைபேசியில் சண்டை பிடித்து நானூறு பெயரையும் ஏற்றுவித்துவிட்டார்களாம். ஒழுங்கு தெரியாத ஆட்கள்.

முப்பத்தோராம் நாளை அண்டி வந்த ஞாயிறு, தமிழ்ப் பூசையில் சுவாமியார் பூசைக் கருத்துகளை வாசித்தார். "இன்னாசிமுத்து அவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவாக" என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்தது, வழக்கம் போல, "விமலராணியின் விசேட கருத்துக்காக" என்று வாசித்தார்.

வெளியே சனம் வரிசையில் வந்து எனக்குக் கைகொடுத்தது. தலைவர் மன்றத்தின் மலர்வளையத்தோடு நின்றார். கடைசியாக விமலராணி வந்தார்.

"நீங்களோ எழுதிக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. திகதி இருக்குத்தானே. ஒருத்தரும் ஒப்புக்குடுக்காம விடக்கூடாது."

"உங்கட தம்பி...?"

"அவனுக்கென்ன? அவன் உங்கட பைலிலதான் இல்லை. உங்கட அண்ணைதான் பாவம், பைலில இருக்கிறார்."

என் அண்ணன் எங்கே, எப்போது இறந்தார் என்று இப்போது யார் கேட்டாலும் எங்கள் மன்றத்தால் திட்டவட்டமாகச் சொல்ல முடியும்: வைலே, ஓகஸ்ட் இருபத்தொன்பது, எட்டாம் கூட்டம். அந்தக் கூட்டத்தோடு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பெயர்கூட இல்லாமல் போனதற்கு றெஃபெராட்டே சாட்சி. 'கொன்றவர் பெயர்' என்று ஒரு பெட்டி மட்டும் எங்கள் படிவத்தில் இல்லை. இருந்திருந்தால் அதில் இடைவெளி தட்டத் தேவைப்பட்டிருக்காது. நிரப்புவதற்கு என்னிடம் ஆறு பெயர்கள் இருக்கின்றன; முதலாவது என்னுடையது.